கோப்பை வாங்கிய குதிரையை எப்போது வண்டியிலிருந்து அவிழ்ப்பது?

கோபிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் அப்பா வைத்திருக்கும் பந்தயக் குதிரைக்கு இப்போது 13 வயது. பெரிய குதிரை வண்டிப் பந்தயங்களில் ஆறு வருஷமாகக் கோப்பை வாங்கிக் கொடுத்த குதிரை. போன வருஷம் இரண்டு பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. கடைசிப் பந்தயத்துக்கு மறுநாள் இடது முன்னங்காலின் பின்பக்கம் லேசாக வீங்கி, மூன்று நாளில் தானாக வற்றிவிட்டது. "வர்ற ஆடியில ஒரு கோப்பை வாங்கிட்டு நிறுத்திக்கலாம்" என்கிறார் அப்பா. நிறுத்துவதா, ஓட்டுவதா, நிறுத்தினால் ஏங்கிப்போகுமா, அந்தியூர் சந்தையில் விற்றுவிடலாமா என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஆடிக்கு அவனைப் பந்தய வண்டியில் பூட்டாதீர்கள். வயதைப் பார்த்தோ, மூன்றாவதாக வந்ததைப் பார்த்தோ இதைச் சொல்லவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கிற அந்த மூன்று நாள் வீக்கத்துக்காகச் சொல்கிறேன். ஏன் என்பதை விவரமாக எழுதுகிறேன். உங்கள் அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பவானி, அந்தியூர், கோபி வட்டாரத்தில் 30 வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவம் பார்த்தவன் நான். பார்த்ததில் முக்கால்வாசி மாடும் எருமையும் ஆடும்தான். ஆனால் ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழா வந்தால் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரைகள் வந்து இறங்கும். கூடவே குதிரைக்காரர்களும் நம்மைத் தேடி வந்துவிடுவார்கள். அப்படிப் பழகிய பழக்கம்தான், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

13 வயது என்கிறீர்களே, அது யார் சொன்ன கணக்கு? உங்கள் தோட்டத்திலேயே பிறந்த குட்டி என்றால் சரி. சந்தையில் வாங்கியது என்றால் வாயைத் திறந்து பாருங்கள். ஐந்து வயதுக்குள் முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்துவிடும். அப்புறம் கீழ்த்தாடை முன்பற்களின் மேல்பரப்பில் இருக்கும் குழிகள் ஆறு, ஏழு, எட்டு வயதில் ஜோடி ஜோடியாகத் தேய்ந்து மறையும். அதைத் தாண்டிய குதிரைக்குத்தான் தரகர்கள் வாய்க்கு வந்த வயதைச் சொல்வார்கள். மேல் உதட்டைத் தூக்கி, மேல்தாடையில் ஓரத்து முன்பல்லைப் பாருங்கள். பத்து வயது வாக்கில் ஈறோரமாக ஒரு பழுப்புப் பள்ளக் கோடு தலைகாட்டும். அது கீழே இறங்கிக்கொண்டே வந்து 15 வயதில் பாதிப் பல்லையும் 20 வயதில் முழுப் பல்லையும் எட்டும். தீனியைப் பொறுத்து ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். ஆனால் 13 என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் 17 என்றால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வருஷக் கணக்கில் ஏமாந்துபோய், கிழக் குதிரையை நடு வயதுக் குதிரை என்று நினைத்து ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, 13தான் என்றே வைத்துக்கொள்வோம். அது ஓடக் கூடாத வயதா என்றால், வயதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். பந்தயத் திடல்களில் ஓடும் தரோபிரெட் என்ற இனத்துக் குதிரை நாலு, நாலரை வயதில் தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம்தான். ஆனாலும் அதே இனத்தில் ரெட் ரம் என்ற குதிரை இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை 1973, 1974, 1977 என மூன்று தடவை ஜெயித்தது. மூன்றாவது தடவை ஜெயித்தபோது அதற்கு 12 வயது. நாலு மைலுக்கு மேல் தூரம், 30 தடைகளைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் ஜான் ஹென்றி ஒன்பது வயதில், 1984இல், ஆர்லிங்டன் மில்லியன் பந்தயத்தை இரண்டாவது முறையாக வென்று அந்த வருஷத்தின் சிறந்த குதிரை என்ற பட்டமும் வாங்கியது. ஆக, வயதான குதிரையால் ஓட முடியும். நம் வண்டிக் குதிரைகளை இரண்டு வயதில் பந்தயத்தில் விடுவதில்லை, பொறுத்துத்தான் பூட்டுகிறோம். அதனால் பத்து வயதுக்கு மேலும் நன்றாக ஓடுகிற குதிரைகள் இந்தப் பக்கம் உண்டு.

ஆனால் ரெட் ரம் பழகியது சவுத்போர்ட் கடற்கரை மணலில். அதற்குக் குளம்பெலும்பில் கோளாறு இருந்தது. மணலில் ஓடி, கடல் தண்ணீரில் கால் நனைத்துத்தான் அது தேறியது. நம் குதிரைகள் ஓடுவது தார் ரோட்டில். பல கிலோமீட்டர், பின்னால் வண்டி, அதில் ஆள். ஒவ்வொரு அடியிலும் ரோடு திருப்பி அடிக்கிற அடியை குளம்பும் கணுவும் முட்டியும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் அங்கே 12 வயதில் ஜெயித்ததே என்று நாம் கணக்குப் போடக் கூடாது.

மூன்றாவதாக வந்ததைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அதுதான் மனசில் குத்திக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் வந்தவை ஐந்தாறு வயதுக் குதிரைகள் என்றால் மூன்றாவது இடம் இயல்பானது. வேகம் குறைவது நோய் இல்லை. வேகம் குறைந்தும் ஓடிய களைப்பு சுத்தமாகத் தெளிகிற குதிரையை, வருஷத்துக்கு ஒன்றிரண்டு பந்தயம் என்று குறைத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். தோற்றது குதிரைக்குத் தெரியாது. வேர்வையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் காட்டினால் அதற்குப் பந்தயம் முடிந்தது.

எதைப் பார்த்து முடிவு செய்வது என்றால், நான் எப்போதும் சொல்வது மறுநாள் காலையை. பந்தய நாளில் குதிரை பொய் சொல்லும். கூட்டம், பறை, பக்கத்தில் ஓடும் மற்ற குதிரைகள் எல்லாம் சேர்ந்து ரத்தத்தைச் சூடேற்றிவிடும். அந்தச் சூட்டில் வலி தெரியாது. தவிர, காட்டில் மற்ற மிருகங்களுக்கு இரையாக இருந்த ஜாதி அது. வலியை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக் குணம். மறுநாள் விடிகாலை, ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னால், கட்டுத்தரையில் தனியாக நிற்கும்போதுதான் அது உண்மையைச் சொல்லும்.

அந்த நேரத்தில் விளக்கைப் போடாமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பின்னங்கால் ஒன்றை மடித்து நுனிக் குளம்பில் ஊன்றி நின்றால் கவலை இல்லை, அது ஓய்வெடுக்கிறது. முன்னங்கால் ஒன்றை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, எடையைக் கொடுக்காமல் நின்றால் அந்தக் காலில் வலி. ராத்திரி வைத்த தீனி மீதம் இருக்கிறதா, சாணம் வழக்கம்போல உருண்டையாக விழுந்திருக்கிறதா, படுத்து எழுந்த அடையாளம் உடம்பில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கால்வலி உள்ள கிழக் குதிரை படுக்கப் பயப்படும். படுத்தால் எழ வேண்டுமே என்று நின்றே ராத்திரியைக் கழிக்கும். அப்புறம் அவிழ்த்து, முதல் பத்து அடியைக் கவனியுங்கள். பத்தடி நடந்ததும் சரியாகிவிடுகிறது என்று சொல்வார்கள். அந்தப் பத்தடிதான் மூட்டுத் தேய்மானத்தின் கையெழுத்து.

அடுத்து, கயிறைத் தளர்த்திப் பிடித்து, கெட்டியான தரையில் நேர்கோட்டில் சின்ன ஓட்டம் விடுங்கள். தலையைப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தைக் கேளுங்கள். சரியான ஓட்டத்தில் டக் டக் என்று ஒரே அளவாக விழும். ஒரு அடி மெல்லியதாக விழுந்தால் அந்தக் காலைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். இப்போது கையில் போன் இருக்கிறது. ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து வையுங்கள். மாசம் ஒரு தடவை எடுத்தால் போதும், ஆறு மாசம் கழித்து முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நாடித்துடிப்பையும் பழகிக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் அடி ஓரத்தில் விரலை வைத்து உருட்டினால் ரத்தக் குழாய் ஒன்று தட்டுப்படும். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டும். ஓடி வந்து நின்றதும் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் விஷயம். வெளிநாடுகளில் நடக்கும் நீண்ட தூரக் குதிரைப் பந்தயங்களில், நடுவழியில் 64க்குக் கீழே நாடி இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓட விடுவதில்லை. போன வருஷம் கால் மணி நேரத்தில் இறங்கிய நாடி இந்த வருஷம் அதே ஓட்டத்துக்கு அரை மணி எடுத்தால், இதயமும் நுரையீரலும் வயதைச் சொல்கின்றன. வயதான குதிரைக்கு உடம்புச் சூடும் சீக்கிரம் ஏறும். ஓடி வந்தும் வேர்க்காமல் தோல் காய்ந்திருந்தால் அது தனி ஆபத்து, புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வேர்வையே நின்றுபோகும். அப்படி இருந்தால் பந்தயப் பேச்சே எடுக்க வேண்டாம்.

இனி உங்கள் குதிரையின் காலுக்கு வருகிறேன். முட்டிக்குக் கீழே, கணுவுக்கு மேலே, எலும்புக்குப் பின்னால் கெட்டியான கயிறு மாதிரி இரண்டு ஓடும். நம் பக்கம் அதை நரம்பு என்போம், உண்மையில் அது தசைநாண். மேலே இருக்கும் தசை இழுப்பதைக் குளம்புவரை கொண்டு போவது அதுதான். குதிரை பாயும்போது ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கி, கணு தரையைத் தொடாமல் தாங்கிப் பிடிக்கும். அதில் தோலை ஒட்டி ஓடும் நாண் முழு வேகத்தில் அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்தான் ஒவ்வொரு அடியிலும் நீள்கிறது. பாய்ச்சலில் அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். அந்தச் சூட்டிலும் இழுப்பிலும் உள்ளே நூல் நூலாகக் கொஞ்சம் கொஞ்சம் சேதமாகும். இளம் வயதில் உடம்பு அதை ஓரளவு ஈடுகட்டும். வயது ஏற ஏறச் சேதம் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. நொண்டாது. கொள்ளு தின்னும். கனைக்கும்.

வெளியே தெரிகிற முதல் அடையாளம் என்ன தெரியுமா? கடினமாக ஓடியதற்கு மறுநாள் லேசான வீக்கம், கொஞ்சம் சூடு, இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். நொண்டல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீங்கள் எழுதியிருப்பது அதையேதான். வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். உள்ளே அறுந்த நூல் வற்றிய வீக்கத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. அது ஆற ஒரு வருஷம் வரைகூட ஆகும். ஆறினாலும் அந்த இடத்தில் வடுத்தசைதான் வளரும், பழைய மாதிரி நீளாது. அடுத்த கடின ஓட்டத்தில் அதே இடத்திலோ அதற்கு மேலேயோ கீழேயோ கிழியும்.

இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளைக் குதிரை, ஊர் பேர் வேண்டாம், அந்த வட்டாரத்தில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இதே மாதிரி வீங்கி வற்றியிருந்தது. பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "ஓட்டலாமுங்களா டாக்டரு?" என்று கேட்டார் உடையவர். நான் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை. நடக்க விட்டேன், நொண்டவில்லை. ஓட்டலாம் என்றேன். பாதி ரோட்டில் சாட்டை சொடுக்கியது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக வண்டியில் இருந்தவர் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அது மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. நாலாவது காலில் கணு தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. வாயில் நுரை, ஆனால் சத்தமே போடவில்லை. நான் கிட்டப் போனதும் என் தோளில் முகத்தை வைத்தது. உயிர் பிழைத்தது, கடைசிவரை நொண்டிக்கொண்டே இருந்தது. தவறு என்னுடையது. அன்றைக்கு நான் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, இரண்டு வாரத்தில் ஆறாது என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

எப்படி ஒப்பிடுவது என்று சொல்கிறேன். காலையில், நடக்க விடுவதற்கு முன்னால், முன்னங்காலை முட்டியில் மடித்துத் தூக்கிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தக் கயிறைப் பிடித்து, முட்டியிலிருந்து கணுவரை அங்குலம் அங்குலமாக இறங்குங்கள். ஓரம் கத்தி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். எங்காவது தடித்து, ஓரம் மழுங்கி, அழுத்தினால் காலை இழுத்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அடுத்த காலில் அதே இடம். சூட்டை உள்ளங்கையால் பார்க்காதீர்கள், புறங்கையை வையுங்கள். இதைத் தினமும் ஒரே நேரத்தில் செய்தால் பத்து நாளில் உங்கள் விரலுக்கு அந்தக் கால் மனப்பாடம் ஆகிவிடும். அப்புறம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்து, காலை ஸ்கேன் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நாணுக்குள் ஓட்டை விழுந்திருந்தால் ஸ்கேனில் கருப்பாகத் தெரியும். எந்த விரலுக்கும் தெரியாதது அதில் தெரியும்.

ஊசி போட்டு ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்பதைவிடக் கடுமையான வார்த்தை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வலி என்பது காலைக் காப்பாற்றக் குதிரைக்கு இருக்கும் ஒரே கடிவாளம். ஊசி அதை அறுத்துவிடும். கிழிந்த நாணின் மேல் முழு எடையையும் போட்டு அது ஓடும். வலிமருந்து தொடர்ந்து போனால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு, அது வேறு. இன்னொன்று, மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் டைக்ளோபினாக்கை வாங்கிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால்நடைக்கு அதை 2006லேயே தடை செய்தாகிவிட்டது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சத்திக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் மிச்சம் இருக்கிற பாறுக்கழுகுகள் இருக்கின்றன. சட்டமும் இருக்கிறது: வயதாலோ நோயாலோ காயத்தாலோ வேலைக்கு ஆகாத பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவில் குற்றம்.

நிறுத்துவதோடு சேர்த்து இன்னொன்றும் பார்க்க வேண்டும், அது தீனி. இதைச் சொல்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நம் பக்கத்தில் குதிரைக்குக் கொள்ளோடு தவிடு தாராளமாகப் போடுவோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். மேய்ச்சலுக்குக் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் விடுவோம், அங்கே இருப்பது கொழுக்கட்டைப் புல். மாட்டுக்கு அதைவிட நல்ல புல் கிடையாது, காங்கேயம் மாடு வளர்ந்ததே அதில்தான். ஆனால் அந்தப் புல்லில் ஆக்சலேட் உண்டு. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், தவிடு அதை இன்னும் கெடுக்கும். உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். இன்றைக்கு ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால் என்று நொண்டல் மாறி மாறி வரும். நடை விறைக்கும். முற்றினால் கண்ணுக்குக் கீழே முகத்தின் இரண்டு பக்கமும் எலும்பு உப்பும். இதை வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

உங்கள் குதிரைக்கும் நடை பொதுவாகவே விறைத்திருந்தால் தவிட்டைக் குறைத்துக் குதிரை மசால் கொடுங்கள். பெயரே அதுதானே, சுண்ணாம்புச் சத்து நிறைய உள்ள தீவனம். தாது உப்பு எவ்வளவு என்று பக்கத்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதனால் சில மாசத்தில் விறைப்பு குறைந்தால் சந்தோஷம். ஆனால் கிழிந்த நாண் இதனால் ஒட்டாது. அதனால் ஆடிக்கு என் பதில் மாறவில்லை.

உங்கள் அப்பா சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆறு வருஷம் ஜெயித்த குதிரையை மூன்றாவது இடத்தோடு நிறுத்த மனசு கேட்காது. ஜெயித்த கையோடு நிறுத்தியவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் மகைபி திவா என்ற குதிரை 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று தடவை மெல்பர்ன் கோப்பையை வாங்கியது. மூன்றாவது கோப்பை வாங்கிய அன்றைக்கே இனி ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அது ஏழு வயது, காலில் குறை இல்லாதபோது எடுத்த முடிவு. அதே 2005 நவம்பரில், இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் தங்கக் கோப்பையை மூன்று தடவை வாங்கிய பெஸ்ட் மேட் என்ற குதிரை, எக்ஸெட்டர் பந்தயத்தில் பாதியில் ஓட்டத்தை நிறுத்தியதும் சுருண்டு விழுந்து செத்தது, மாரடைப்பு என்கிறார்கள். பத்து வயது. வயதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, எந்த வயதிலும் வரலாம். ஆனாலும் அதன் ஜெயித்த ஓட்டங்களை நினைப்பவர்களுக்குக் கூடவே அந்த நாளும் ஞாபகம் வருகிறது. ரெட் ரம்மை 1978இலும் ஓட விடத்தான் தயாராக இருந்தார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் காலில் எலும்பு மயிரிழை அளவு விரிந்திருப்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்புறம் அது 17 வருஷம் உயிரோடு இருந்து, 1995இல் 30 வயதில் செத்தது. ஓட்டம் முடியும் கம்பத்துக்குப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். நாலாவது கோப்பை வாங்கவில்லை என்று யாரும் அதைக் குறைத்துப் பேசுவதில்லை.

அப்பாவிடம் நேராக நிறுத்திவிடலாம் என்று சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். விடியற்காலை அவரைக் கூட்டிப்போய், அந்தக் கயிறை அவர் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வருஷம் அந்தக் காலைக் கழுவிய கை அவருடையது. உங்களுக்கும் எனக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும்.

விற்பதா? என் மனசில் பட்டதைச் சொல்கிறேன், விற்காதீர்கள். அந்தியூர்ச் சந்தை பெரிய சந்தை, திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்கிய இடம் என்று பேசிக்கொள்வார்கள். அங்கே பேர் பெற்ற குதிரைக்கு முதல் தடவை நல்ல விலை வரும். வாங்குகிறவர் அதன் பேருக்காக வாங்குவார், ஓட்டிப் பார்ப்பார், கால் போகும். அடுத்த ஆடியில் பாதி விலைக்குக் கை மாறும். அப்புறம் கல்யாண ஊர்வலம், சாரட்டு, சுற்றுலா ஊரில் நாள் முழுக்கச் சவாரி. ஒவ்வொரு கை மாறும்போதும் தீனி குறையும், அதன் கதையைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் போவார். பொலிக்கு விடலாம் என்றால் அது தனிக் கணக்கு. சுழி, நிறம் பார்த்துக் கேட்டு வருவார்கள். கால் எலும்பு நேராக உள்ள தாய்க் குதிரையா என்று நீங்கள் பார்த்து விடுங்கள்.

நிறுத்தினால் ஏங்கிப்போகுமா என்றால், திடீரென்று கட்டிப்போட்டால் ஏங்கும். அதைவிட ஆபத்தும் உண்டு. பந்தயக் குதிரைக்குப் போடும் கொள்ளை அப்படியே போட்டுக்கொண்டு நாள் கணக்கில் நிறுத்தி வைத்து, பிறகு வெளியே எடுத்தால் பின்தொடை கல் மாதிரி இறுகி நகர முடியாமல் நின்றுவிடும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். குளம்புக்குள் வீக்கம் வருவதும் அதே கொழுத்த தீனியால்தான். அதனால் ஓட்டம் குறைகிற அன்றைக்கே கொள்ளையும் குறைத்துவிடுங்கள், புல்லைக் கூட்டுங்கள். நாண் ஆறும்வரை கொறங்காட்டில் அவிழ்த்து விட வேண்டாம், துள்ளிவிடுவான். கையில் பிடித்து நடை மட்டும், எவ்வளவு நேரம் என்று ஸ்கேன் பார்த்தவர் சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் நாளில் முட்டி அளவு ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் நிறுத்துங்கள், கால் குளிரும். வெளியே பார்க்கச் சும்மா இருந்தாலும் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பைச் சீவ லாடக்காரரை வரச் சொல்லுங்கள். மென்ற புல்லை உருண்டை உருண்டையாகத் துப்பினால் கடைவாய்ப் பல்லில் கூர் வளர்ந்திருக்கிறது, அராவி விட வேண்டும். சோளத்தட்டு மாதிரி முரட்டுத் தீனியை அப்போது நறுக்கி நனைத்துக் கொடுங்கள்.

குதிரைக்குக் கோப்பை வேண்டாம், ஒழுங்கு வேண்டும். அதே நேரத்துக்குத் தண்ணீர், அதே நேரத்துக்குத் தீனி, அதே ரோட்டில் காலை நடை. உங்களிடம் புதுக் குதிரை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், கால் ஆறிய பிறகு இவனைப் பக்கத்தில் நடக்க விட்டுப் புதிதைப் பழக்குங்கள். லாரி ஹாரன், பஸ், பட்டாசுச் சத்தம் எல்லாவற்றுக்கும் இவன் மிரள மாட்டான், இவனைப் பார்த்துப் புதுக் குதிரையும் மிரளாது. பத்து ஆள் சொல்லிக் கொடுக்க முடியாததை ஒரு கிழக் குதிரை சொல்லிக் கொடுத்துவிடும்.

பந்தயக் காலையில் புதுக் குதிரையைப் பந்தயத்துக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றும்போது மட்டும் இவன் கத்துவான், கட்டுத்தரையைச் சுற்றிச் சுற்றி வருவான். அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். ஒரு வெள்ளாட்டை முன்கூட்டியே பழக்கிப் பக்கத்தில் கட்டி வையுங்கள், அடங்கிவிடுவான்.

இந்த வாரமே காலைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தடிப்பு முட்டிப் பக்கமா கணுப் பக்கமா, எத்தனை விரல் நீளம், அழுத்தினால் இழுக்கிறானா, அந்தப் பல் கோடு எதுவரை இறங்கியிருக்கிறது, தினம் எவ்வளவு தவிடு போடுகிறீர்கள். இவ்வளவும் தெரிந்தால் நடையை எப்போது தொடங்கலாம் என்று சொல்கிறேன்.